சொந்தக்காரப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்? (நாகர்கோவில், தக்கலை பக்கம்)

திங்கள்சந்தை தையல்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் என் அக்கா இறந்துவிட்டாள். கிட்னி. அத்தான் அதற்கு முன்பே துபாயில் வேறு குடும்பம் ஆகிவிட்டார். பணம் அனுப்புவதில்லை, போனும் எடுப்பதில்லை. அடக்கம் முடிந்த அன்றே பிள்ளைகள் இரண்டு பேரும் என்னோடு வந்துவிட்டார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. மாமியார் "ரெண்டு பாய் கூட எடுத்துப் போடு" என்றார், அதுதான் முடிவு. மூத்தவன் எட்டாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. எனக்கு ஒரு பையன், பிளஸ் ஒன் படிக்கிறான். வீட்டுக்காரர் குட்டி யானை ஓட்டுகிறார், நான் வீட்டில் இருந்தே தைக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறை இல்லை, பெரிதாக மிச்சமும் இல்லை.

சின்னவள் சாப்பாட்டை ஒளித்து வைக்கிறாள். சுவரோரம் எறும்பு வரிசையாகப் போவதைப் பார்த்துத் தேடியதில், தலையணை உறைக்குள் பாதி ஏத்தம்பழமும், நோட்டுத் தாளில் மடித்த ஒரு இட்லியும், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. மாமியார் "பிள்ளைக்குக் களவு படிஞ்சுபோச்சு" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எடுக்கிறாள். எடுப்பதைத் தின்பதும் இல்லை. வைக்கிறாள், அவ்வளவுதான்.

மூத்தவன் விஷயம் வேறு. அவன் அம்மாவின் பழைய போன் அவனிடம் இருக்கிறது. சிம் கிடையாது. ஆனால் தினமும் சார்ஜ் போடுவான். அதில் வாட்ஸ்அப்பில் அக்கா அனுப்பிய குரல் பதிவுகள் உண்டு. "மக்கா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போ தயிர் வாங்கிட்டு வா, மறந்துராத." ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இது பாய்க்குள்ளிருந்து கேட்கும். தயிர் வாங்கச் சொன்னதுதான், வேறொன்றும் இல்லை. பகலில் அவன் யாரிடமும் பேசமாட்டான். ஒரு நாள் என் மகன் அந்த போனை எடுத்து கேம் ஏற்றப் போனான். இவன் பாய்ந்து அவன் கையைக் கடித்துவிட்டான், ரத்தம் வந்தது. நான் விலக்கப் போனபோது "நீங்க எனக்க அம்மை இல்ல" என்றான். வாஸ்தவம்தானே, அதற்கு என்ன பதில் சொல்ல?

யாரிடம் கேட்டாலும் ஒரே பேச்சு. "சொந்த ரத்தம்தானே, இதுல படிக்க என்ன கிடக்கு?" ரவிக்கைக்குக் கை ஏற்றவே எனக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. தாயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்பது மட்டும் சித்தி ஆனதாலேயே தானாக வந்துவிடுமா?

யூடியூபில் தேடினால் வெளிநாடுகளில் வளர்ப்புப் பெற்றோருக்கு வகுப்பு, சான்றிதழ் எல்லாம் இருப்பதாகத் தெரிகிறது. நம் மாவட்டத்தில் அப்படி ஏதாவது உண்டா? தமிழில் வேண்டும். பகலில் எனக்கு ஆர்டர் இருக்கும், சாயங்காலமோ சனிக்கிழமையோ என்றால் வருவேன். பிள்ளைகளை ஹோமில் விடச் சொல்லி மட்டும் யாரும் பதில் போட வேண்டாம். அதை ஏற்கெனவே ஒரு அலுவலகத்தில், பெட்டிக்கடையில் சில்லறை கொடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டார்கள்.

---

குலசேகரம் பாட்டா:

மக்ளே, நானும் பேத்தி ஒருத்தியை வளர்க்கிறேன். மகளும் மருமகனும் பைக் விபத்தில் போய்விட்டார்கள். பயிற்சி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காகிதங்களை இப்போதே சரிசெய்துகொள். அக்காவின் இறப்புச் சான்றிதழில் நகல் பல எடுத்து வை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிக்கூடத்துத் தாள்கள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ரேஷன் கார்டில் பெயரை உன் வீட்டுக்கு மாற்று. சாதிச் சான்றிதழ் கேட்கப் போனால் அப்பன் பக்கத்துத் தாள் கேட்பார்கள். அத்தான் வீட்டாரோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்.

களவு இல்லை அது. எங்கள் சின்ன வயதில் வீட்டில் பட்டினி. அவித்த மரச்சீனிக் கிழங்கை நான் வைக்கோல் போருக்குள் சொருகி வைத்திருக்கிறேன். இதை உன் மாமியாரிடம் சொல். அவருக்கும் அந்தக் காலம் மறந்திருக்காது.

---

ஓய்வுபெற்ற களப்பணியாளர், நாகர்கோவில்:

தங்கச்சி, குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நேர் பதில்: உங்களைப் போன்ற சித்தி, மாமா, பாட்டிகளுக்கென்று தனியாக, தொடர்ச்சியாக நடக்கும் வகுப்பு எதையும் நம் மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்கிறேன், அதைப் புரிந்துகொண்டால்தான் கேட்டு வாங்க முடியும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியது. ஆனால் அந்தச் சட்டமே வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்ன என்று சொல்லும்போது, பிள்ளையைப் பெற்ற குடும்பம் அல்லாத வேறொரு குடும்பத்தில் வைப்பது என்று எழுதியிருக்கிறது. அப்படி எடுக்கும் குடும்பத்தை விசாரிக்கிறார்கள், வீட்டைப் பார்க்கிறார்கள், முன்கூட்டியே ஆலோசனை கொடுக்கிறார்கள். பிள்ளை யாரிடம் இருப்பது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழு மாதாமாதம் ஆய்வு செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளை பெரும்பாலும் 45ஆம் பிரிவில், அதாவது நிதி ஆதரவில்தான் வருகிறது. அதில் பணம் உண்டு. பணத்தோடு பயிற்சி வருவதில்லை. சொந்தம் என்றால் எல்லாம் தெரியும் என்று உங்கள் ஊரில் சொன்னதைத்தான் சட்டமும் கொஞ்சம் நம்புகிறது.

பணத்தையும் விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. அது தாய் தந்தை இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவர் இறந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கும். உங்கள் அத்தான் உயிரோடு இருந்தும் இல்லாதது போல இருக்கிறார். இந்த நிலையை மனுவில் ஒளிக்காமல் எழுதி, நாகர்கோவிலில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் கொடுங்கள். எதில் சேர்ப்பது என்று அவர்கள் பார்ப்பார்கள்.

இன்னொன்று. இப்போது பிள்ளைகள் உங்களிடம் இருப்பதற்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. நாளை அத்தான் வந்து "கொடு" என்றால் உங்கள் கையில் தாள் இல்லை. குழந்தைகள் நலக்குழு முன் பிள்ளைகளை அழைத்துப்போய், தகுதியான நபர் என்ற முறையில் உங்களிடம் ஒப்படைக்கும் உத்தரவு கேளுங்கள். அங்கே போனாலே ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். குடும்பத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பிள்ளை குடும்பத்தில்தான் இருக்க வேண்டும், நிறுவனம் கடைசி வழி என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. பாஸ்போர்ட், சொத்து என்று பின்னால் வந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி மனு போட வேண்டியிருக்கும். அது இப்போதைக்கு அவசரம் இல்லை.

பயிற்சிக்கு வருகிறேன். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல நிறுவனத்தில் சம்வாத் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இழப்பு, அதிர்ச்சி இவற்றைக் கடந்து வரும் பிள்ளைகளோடு வேலை செய்வது எப்படி என்று நாடு முழுக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். பெரும்பாலும் பணியாளர்களுக்குத்தான். ஆனால் அதில் பயிற்சி பெற்ற பணியாளர் நம் மாவட்டத்தில் இருந்தால், அவரை உங்களைப் போன்ற பத்து வீட்டாருக்கு முன்னால் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. பையனுக்குத் தூக்கமோ சாப்பாடோ கெட்டால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். ராத்திரி நேரத்தில் உங்களுக்கே பேச ஆள் வேண்டும் என்றால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, தமிழில் பேசுவார்கள். 1098 பிள்ளைகளுக்கான எண்.

---

மார்த்தாண்டத்துப் பிள்ளை, லீட்ஸ்:

அக்கா, நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே நானும் வீட்டுக்காரரும் வளர்ப்புப் பெற்றோராகப் பதிவு செய்திருக்கிறோம். நீங்கள் யூடியூபில் பார்த்தது பாதி உண்மை.

இங்கே பதிவுக்கு முன்னாலேயே குழுவாக உட்கார வைத்து வகுப்பு எடுப்பார்கள். பதிவான பிறகு அரசு வகுத்த ஏழு தர நிலைகளை நிறைவு செய்ததாக ஒரு கோப்பு தயார் செய்ய வேண்டும். அதற்கு 12 மாதம் தருகிறார்கள். பதிவு செய்தவர் பிள்ளைக்குச் சொந்தக்காரர் என்றால் 18 மாதம். எனக்கு இது பிடித்தது. பாட்டியும் சித்தியும் திட்டம் போட்டு வருவதில்லை, பிள்ளை கையில் விழுந்த பிறகுதான் படிக்கவே தொடங்குகிறார்கள் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் நீதிமன்ற உத்தரவில் பேரப்பிள்ளையை வாங்கி வளர்க்கும் பாட்டிக்கு இந்தக் கட்டாயமும் இல்லை, அதோடு வரும் உதவியும் பல சமயம் இல்லை. இங்கேயும் அவர்கள் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வகுப்பில் சொன்னதில் உங்களுக்கு ஆகிற இரண்டைச் சொல்கிறேன்.

சாப்பாடு ஒளித்து வைப்பது இங்கே வரும் பிள்ளைகளிடம் ரொம்பச் சாதாரணம். எங்களுக்குச் சொல்லித்தந்தது: பூட்டி வைக்காதே, பிடித்துக் கேட்காதே, பிள்ளை இல்லாதபோது எடுத்துக் கொட்டாதே. அதற்குப் பதில் அவள் பெயர் எழுதி ஒரு டப்பா கொடு. அதில் என்ன இருக்கலாம் என்பதை அவளோடு சேர்ந்து முடிவு செய். கெட்டுப்போகாத சாமானாக இருக்கட்டும். எந்த நேரமும் அவள் திறக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். காலியானால் நீயே நிரப்பு, அவள் கேட்கும் வரை காத்திருக்காதே. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம் என்று எங்கள் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். நாளைக்கும் இருக்கும் என்று வாயால் சொன்னால் பிள்ளை நம்பாது. அம்மாவும் நாளைக்கு இருப்பாள் என்றுதானே நினைத்திருந்தது. டப்பா பல தடவை நிரம்பினால்தான் நம்பும். மாதக்கணக்கில் ஆகலாம்.

அப்புறம் அந்த போன். அக்கா, இதை இன்றைக்கே செய்யுங்கள்: அவனிடம் கேட்டு, அவன் கண் முன்னாலேயே, அந்தக் குரல் பதிவுகளை எல்லாம் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். பழைய போன், பேட்டரி உப்பினாலோ கீழே விழுந்தாலோ அத்தனையும் போய்விடும். அவனுக்குத் தெரியாமல் எடுக்கவே கூடாது. அவனே மெமரி கார்டைக் கையில் வைத்திருக்கட்டும்.

"நீங்க அம்மை இல்ல" என்று சொன்னால் எங்களுக்குச் சொல்லித்தந்த பதில் சின்னது. "இல்லதான், நான் உன் சித்தி. அம்மை இடத்துக்கு நான் வரமாட்டேன், ஆனா உன்னை விட்டுட்டும் போகமாட்டேன்." சண்டை நடக்கும்போது சொல்லாதீர்கள். அடங்கிய பிறகு, துணி மடிக்கும்போதோ நடந்து போகும்போதோ, முகத்தைப் பார்க்காமல் சொன்னால் ஆண்பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம்.

---

வள்ளவிளைக்காரன்:

நான் அந்தப் பையன் இடத்தில் இருந்தவன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அப்பா கடலில் இருந்தார். எங்கள் கரையில் நிறைய வீடுகளில் உடல் வரவில்லை, எங்கள் வீட்டிலும் வரவில்லை. அம்மா அதோடு படுத்துவிட்டார். நான் மாமா வீட்டில் வளர்ந்தேன்.

மாமாவும் மாமியும் நல்லவர்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் வருவார், லட்சத்தீவில் கரை ஏறியிருப்பார், மாலத்தீவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம் என்று பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிள்ளை மனசு உடைந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னார்கள். நான் கதவுப் பக்கம் தலை வைத்துத்தான் தூங்குவேன். யாரும் உட்கார வைத்து நேராகச் சொல்லவில்லை. நம்மூரில் பயிற்சி என்று ஒன்று வந்தால் முதல் வகுப்பு இதற்கு வைக்க வேண்டும்: செத்துப்போனார் என்ற சொல்லைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. சின்னவளிடம் "அம்மா தூங்குறா", "சாமிகிட்ட போயிருக்கா, பாத்துட்டு வருவா" என்று யாராவது சொல்லி வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் சித்தி. அப்படிச் சொல்லியிருந்தால் அவள் அம்மாவுக்காகத்தான் இட்லி எடுத்து வைக்கிறாளோ என்னவோ.

---

திங்கள்சந்தை தையல்காரி:

எல்லோருக்கும் நன்றி. வள்ளவிளைத் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மெஷினை விட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றேன். கேட்டுப் பார்த்தேன். அடக்கத்தன்று பக்கத்து வீட்டு மாமி ஒருவர் "அம்மை தூங்குகா, எழுப்பாத" என்று சொல்லியிருக்கிறார். சின்னவளிடம் சொல்லிவிட்டேன். தூக்கம் இல்லை, இறந்துபோனாள், மூச்சு இல்லை, பசிக்காது, வலிக்காது, திரும்பி வரமாட்டாள் என்று. அவள் கேட்ட ஒரே கேள்வி, "ஊசி போடமாட்டாங்களா?" டயாலிசிஸ் ஊசியைத்தான் சொல்கிறாள். போடமாட்டார்கள் என்றேன். சரி என்று விளையாடப் போய்விட்டாள். மறுநாள் காலை அதையே முதலில் இருந்து கேட்டாள். அதற்கடுத்த நாளும்.

டப்பா கொடுத்தாயிற்று, பழைய முறுக்கு டின். முந்திரிக்கொத்தும் பிஸ்கட்டும் அவளே தேர்ந்தெடுத்தாள். தலையணைக்குள் வைப்பதும் நடக்கிறது, இரண்டும் நடக்கிறது. லீட்ஸ் தங்கச்சி மாதக்கணக்கு என்று சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் எனக்கு அலுத்திருக்கும். மாமியார் டின்னைப் பார்த்து "களவுக்குப் பெட்டி வேறயா" என்றார். பாட்டா சொன்ன மரச்சீனிக் கதையைச் சொன்னேன். பதில் பேசவில்லை, மனம் மாறியதாகவும் தெரியவில்லை.

குரல் பதிவுகளைச் சந்தையில் மொபைல் கடையில் மெமரி கார்டில் ஏற்றிவிட்டோம். பையன் கடைக்காரர் தோளுக்கு மேல் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினான். ஆசாரிப்பள்ளம் வருவதற்குச் சம்மதிக்கவில்லை, இப்போதைக்கு வற்புறுத்தவும் போவதில்லை. நான் முதலில் போகலாம் என்றிருக்கிறேன்.

அண்ணே, பயிற்சி கேட்டு மனு கொடுப்பது என்றால் அதில் என்ன எழுத வேண்டும்? பணம் கேட்டு எழுதத் தெரியும். இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் மட்டும் பேரப்பிள்ளை வளர்க்கும் பாட்டிகள் நிறையப் பேர். பெற்றவர்கள் சவூதியிலோ குவைத்திலோ இருக்கிறார்கள். அவர்களையும் சேர்க்கலாமா?

---

ஓய்வுபெற்ற களப்பணியாளர், நாகர்கோவில்:

கட்டாயம் சேருங்கள். தனியாகக் கொடுத்தால் அது உங்கள் வீட்டுக் கஷ்டம், பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் அது மாவட்டத்தின் தேவை. பணத்துக்கும் உத்தரவுக்கும் தனித் தனி மனு, இதில் கலக்காதீர்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்கே கொடுங்கள். நகல் ஒன்று குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. "நாங்கள் உறவினர் பிள்ளைகளை வளர்க்கிறோம்" என்று தொடங்கி, யார் எத்தனை பிள்ளையை வளர்க்கிறார்கள், எந்த ஊர் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், வயது போதும். பிறகு கேட்பதைச் சரியாகக் கேளுங்கள்: மாதம் ஒரு வகுப்பு, தமிழில், எங்கள் பக்கத்திலேயே, சிறு பிள்ளைகளை உட்கார வைக்க ஓர் இடத்தோடு. என்ன தலைப்பு வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். மரணத்தைச் சொல்வது, கோபம், சாப்பாடு, வயதுக்கு வரும் பெண்பிள்ளையிடம் பேசுவது, போன், சட்டக் காகிதங்கள். "விழிப்புணர்வு முகாம்" என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். பேனர் கட்டி, வடை டீ கொடுத்து, போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

வகுப்பு எடுக்க ஆள் கிடைக்கும் வரை நானே வந்து உட்காருகிறேன். காசு வேண்டாம்.

---

குலசேகரம் பாட்டா:

பட்டியலில் என்னையும் சேர், மக்ளே. பேத்திக்கு 11 வயது. அண்ணாச்சி சொன்ன அந்தப் பெண்பிள்ளை வகுப்பு எனக்குத்தான் முதலில் வேண்டும், வீட்டில் பெண்துணை கிடையாது. காலையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ரப்பர் பால் எடுத்து ஷீட் அடித்து முடிக்க மதியம் ஆகும், அதற்குப் பிறகு எப்போது என்றாலும் பஸ் ஏறி வருவேன்.